இரண்டு ரூம்களுக்கு நடுவில் இருக்கிற இடம்

1

தீபாவளி நெருங்கினால் இங்கே இருக்கிற நம்மவர்கள் முறுக்கு அச்சைத் தேடுவார்கள். நான் டெலிபோன் கார்டைத் தேடுவேன். சிவகாசிப் பக்கத்தில் பிறந்தவளுக்குத் தீபாவளிக்கு முந்தின மாதம் வயிற்றில் புளியைக் கரைக்கிற மாதம். நாடெல்லாம் வெடிப்பதற்கு முன்னால் எங்கள் ஊரில் எதுவும் வெடித்துவிடக் கூடாதே என்ற கவலை. அந்தக் கவலையும் என்னோடு விமானம் ஏறி இங்கே வந்துவிட்டது.

இந்த ஊர் பிராகா. போர்ச்சுகலின் வடக்கே, மழையும் மாதா கோயில்களுமாக இருக்கிற ஊர். போர்ச்சுகல் என்று சொன்னதும் என் தம்பி, "கோவாவப் புடிச்சு வச்சிருந்தானே, அவனாக்கா?" என்று கேட்டான். அவனேதான். எஸ்கூடோ நாணயம் போய் யூரோ வந்த வருடம் இங்கே வந்தோம். கணவருக்குத் துணிச்சாய ஆலையில் வேலை. எனக்கு விருதுநகரில் படித்த வேதியியல் பட்டமும் வாய்த்துடுக்கும்தான் கைவசம் இருந்தன. மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு, இப்போது ஆங்கிலத்தில் இருக்கிற இயந்திரப் புத்தகங்களையும் மருந்துக் குறிப்புகளையும் போர்த்துகீசியத்தில் பெயர்க்கிறேன். நான் எழுதுவதைத் திருத்துவதற்கு டோனா லூர்தெஸ் என்று ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் சிவப்பு மையைப் பார்த்தால் எனக்கு ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்துவிடும்.

நான் பிறந்தது அச்சங்குளம். ஒரே தம்பி மாரிச்சாமி. கல்யாணத்துக்குப் பிறகு நாரணாபுரத்தில் வீடு பார்த்துக்கொண்டான். அங்கே ஒரு பயர் ஆபீசில் போர்மேன். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். யாராவது "ஆபீசுக்குப் போறேன்" என்றால் மேசையும் நாற்காலியும் இருக்கிற இடத்துக்கென்று நினைத்துவிடாதீர்கள். அவன் பெண்டாட்டி முத்துலட்சுமியும் அதே ஆபீசில்தான் சரவெடி பின்னுகிறாள். இரண்டு பிள்ளைகள். ஊர் என்று எனக்கு மிச்சமிருப்பது இந்த நாலு பேர்தான்.

2

செப்டம்பரில் ஒரு வேலை வந்தது. மலையில் வாணவெடி செய்கிற ஒரு பட்டறைக்குப் பாதுகாப்புப் புத்தகம் ஒன்றைப் பெயர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இருப்பதைப் போர்த்துகீசியத்தில் வைத்தால்தான் காப்பீட்டுக்காரன் ஒத்துக்கொள்வானாம். "நீதான் வெடி ஊர்க்காரி ஆயிற்றே" என்று வேலை கொடுப்பவர்கள் என் தலையில் கட்டினார்கள். ஊரைவிட்டு இத்தனை தூரம் ஓடிவந்தும் வெடிமருந்து வாசனை விடாது போலிருக்கிறது என்று அலுத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

ஒரு சொல்லில் வந்து மாட்டினேன். ஆங்கிலத்தில் சிம்பதெடிக் டெட்டனேஷன். ஓர் இடத்தில் மருந்து வெடிக்கிறது. சற்றுத் தள்ளி, தீயே தொடாத இன்னொரு குவியல், முதல் வெடிப்பின் அதிர்ச்சியிலேயே தானும் வெடிக்கிறது. கல்லூரிப் பாடத்தில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். எழுதும்போது எந்தக் குவியலும் என் கண்முன் வரவில்லை. மதிப்பெண்தான் வந்தது.

போர்த்துகீசியத்திலும் இதற்கு நேர்ச்சொல் உண்டு. சிம்பத்தியாவால் நிகழும் வெடிப்பு என்பார்கள். ஆனால் இங்கே சிம்பத்தியா என்றால் ஒருவரின் இனிய சுபாவம். ரொட்டிக்கடைப் பெண் சிரித்த முகமாக இருந்தால், அவளிடம் சிம்பத்தியா இருக்கிறது என்று சொல்வார்கள்.

டோனா லூர்தெஸ் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "செல்வி, பட்டறையில் வேலை செய்கிறவன் இதைப் படித்தால் சிரிப்பான். சிரிக்கிறவன் பயப்பட மாட்டான். 'தூண்டலால் வெடிப்பு' என்று போடு."

"தூண்டல் என்றால் பள்ளிக்கூடத்துச் சொல் மாதிரி இருக்கிறதே, டோனா லூர்தெஸ். படித்ததுமே மறந்துபோகும்."

"பிரேசிலில் என் அண்ணன் மகள் இருக்கிறாள். அங்கே சிம்பத்தியா என்றால் என்ன தெரியுமா? வீட்டில் செய்கிற பரிகாரம். மாப்பிள்ளை கிடைக்கவில்லையென்றால் அந்தோணியார் சிலையைத் தலைகீழாக வைப்பார்கள். அதுதான் சிம்பத்தியா. இதைப் போய்ப் பாதுகாப்புப் புத்தகத்தில் எழுதுவாயா?"

பரிகாரம் என்றதும் என் நினைவு வேறு எங்கோ, பாடையில் கட்டின ஒரு கோழிக்குஞ்சிடம் போய்விட்டது. அதை அப்புறம் சொல்கிறேன். கடைசியில், பட்டறைக்காரர்கள் தங்களுக்குள் என்ன சொல்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுவிடுவது என்று முடிவானது.

3

பட்டறை மலைச்சரிவில் இருந்தது. சின்னச் சின்னக் கல் அறைகள், ஒன்றுக்கொன்று எட்டி எட்டி. முதலாளி சென்யோர் அர்மிந்து பருத்த மனிதர், சிடுமூஞ்சி. டோனா லூர்தெஸ் அவரோடு காகிதம் எதையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அபூர்வமாக நல்ல வெயில். இரண்டு அறைகளுக்கு நடுவில் புல்தரை. ஓரத்தில் கிடந்த ஒரு மரப்பெட்டியை இழுத்துப் புல்லுக்கு நடுவே போட்டு, சுவர் நிழலில் உட்கார்ந்தேன். யோசித்துச் செய்ததல்ல. இரண்டு ரூமுக்கு நடுவில் நிழல் இருந்தால் உட்காருவதுதான் எங்கள் ஊர்ப் பெண்களின் வழக்கம். என் அம்மா உட்கார்ந்தாள், இப்போது முத்துலட்சுமி உட்காருகிறாள்.

"எழுந்திரு! அங்கிருந்து வெளியே வா!"

அர்மிந்து போட்ட சத்தத்தில், பாம்போ என்னவோ என்று துள்ளிக்கொண்டு வந்தேன். அவர் விடுவிடுவென்று போய் அந்தப் பெட்டியைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்தார். ஒரு நாற்காலி இல்லை, வாளி இல்லை, துடைப்பம்கூட இல்லை, புல்லைத் தவிர அங்கே எதுவும் இருக்கக் கூடாது என்று கத்தினார். வெறும் மரப்பெட்டிக்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று கேட்டேன். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"இன்றைக்குப் பெட்டி. நாளைக்குப் பெட்டிக்குள் ஏதாவது இருக்கும். மறுநாள் அதன்மேல் இன்னொரு பெட்டி" என்றார். "அப்புறம் இது இரண்டு அறையா, ஒரே அறையா?"

சமாதானமாக எங்கள் சந்தேகத்தைக் கேட்டோம். இங்கே என்ன சொல்வீர்கள், தூண்டலா, சிம்பத்தியாவா?

"சிம்பத்தியாதான். என் அப்பா காலத்திலிருந்தே அதுதான்." முதல் தடவையாகச் சிரித்தார். "ஒன்றின்மேல் ஒன்றுக்கு ரொம்பப் பிரியம், சென்யோரா. அதனால்தான் தள்ளித் தள்ளி வைக்கிறோம்."

டோனா லூர்தெசும் சிரித்தார். என்னால் முடியவில்லை. எங்கள் ஆபீசில் இந்த இடம் எப்படி இருக்கும் என்று கண்முன் வந்து நின்றுவிட்டது.

4

அங்கே புல் இல்லை. வேப்பமரம் இருக்கிறது. ரூம்களைத் தள்ளித் தள்ளித்தான் கட்டியிருக்கிறார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், மருந்துத் தூசிக்கு நடுவே எவ்வளவு நேரம்தான் உட்காருவது? ஒருத்தி மரத்தடிக்கு வருவாள். அவளோடு பேச்சுத்துணைக்கு இன்னொருத்தி. அப்புறம் பின்னுகிற சரவெடி. சீசன் வந்துவிட்டால் காயவேண்டியது, கட்டவேண்டியது, லோடு ஏற்றவேண்டியது எல்லாம் அந்த மரத்தடிதான். சோதனைக்கு ஆபீசர் ஜீப் வந்தால் வாசலில் வாட்ச்மேன் விசில் ஊதுவார். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் அள்ளி உள்ளே வைப்பார்கள். ஜீப் போனதும் மறுபடி மரத்தடி. சின்ன வயதில் எனக்கு அது ஒரு விளையாட்டாகவே தெரிந்தது.

போன ஆடியில், இங்கே பள்ளி விடுமுறைக்கு, மகள் கயலைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். மாரி வீட்டில்தான் தங்கினோம். வீடு என்றால் உள்ரூம் ஒன்று, அதை ஒட்டி அடுப்படி, நடுவே கதவுகூடக் கிடையாது, பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கும். நாங்கள் இருக்கும்போதே ஒரு சனிக்கிழமை பக்கத்து ஆபீசில் வெடித்தது. முதலில் ஒரு சத்தம். மூச்சு விடுவதற்குள் இன்னொரு சத்தம். தீப்பிடித்தது முதல் ரூமில். முத்துலட்சுமியின் கூட்டாளி பேச்சியம்மாள் செத்தது அடுத்த ரூமில். அங்கே தீயே போகவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நடுவில் காயப்போட்டிருந்த சரக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

சனிக்கிழமைச் சாவு துணை தேடும் என்று நம் பக்கம் பயப்படுவார்கள் அல்லவா? பாடையில் ஒரு கோழிக்குஞ்சை உயிரோடு கட்டினார்கள். அது கத்திக்கொண்டே போனது. கயல் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அது என்ன தப்பு பண்ணுச்சு அம்மா?" என்று போர்த்துகீசியத்தில் கேட்டாள். இங்கே திருவிழா வாணத்துக்கே காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளை. சும்மா இரு என்று அதட்டினேன்.

திங்கட்கிழமை மாரியின் ஆபீசில் பெண்கள் மறுபடி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். முத்துலட்சுமி அழுது வீங்கின கண்ணோடு பின்னிக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்போது அது வித்தியாசமாகப் படவில்லை. குஞ்சு கட்டினால் சாவு அடங்கிவிடும் என்று ஊரே நம்பியது. வேதியியல் படித்த நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

5

மலையிலிருந்து திரும்பிய மறுநாள் கார்டைச் சுரண்டி எண்ணை அடித்தேன். மாரி புதிதாகச் செல்போன் வாங்கியிருந்தான். செல்போன் கையில் இருந்தால் அவன் குரல் தானாகவே உயரும்.

"ஏலே மாரி, ரெண்டு ரூமுக்கு நடுவுல இப்ப என்னலே கெடக்கு?"

"என்னக்கா எடுத்த எடுப்புல? அத்தான் நல்லாருக்காகளா? புள்ள நல்லாருக்கா?"

"எல்லாம் நல்லாருக்காக. கேட்டதுக்குப் பதில் சொல்லுலே."

"சீசன்ல என்ன கெடக்கும்? சரக்குதான் கெடக்கும். மழ வேற நசநசன்னு ஊத்துது. லாரி வரல. குடோன்ல எள்ளுப் போட எடமில்ல. நான் என்ன, தலையிலயா தூக்கி வச்சுக்கிட முடியும்?"

நான் விளக்கினேன். தீயே வேண்டாம், அதிர்ச்சி போதும், நடுவில் சரக்கு இருந்தால் ஒரு ரூமோடு நிற்காது, அது வழிகாட்டிக்கொண்டு போகும் என்றெல்லாம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "இதுக்கு ஒரு பேரு இருக்கணுமே, ஒம் படிப்புல?" என்றான்.

தமிழில் எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன். "அனுதாப வெடிப்பு."

"அனுதாபமா? எலெக்ஷன்ல விழுமே அனுதாப ஓட்டு, அதுவாக்கா?"

விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. ஒரு நிமிடம் அக்காவும் தம்பியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவன் சொன்னான்: "நீ சும்மா கெடந்து பயப்படாதக்கா. அதான் பேச்சியக்காவுக்குக் குஞ்சு கெட்டியாச்சுல்ல. இனி யாரையும் கூப்புடாது."

அவன் கேலிக்குச் சொல்லவில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னான்.

அதற்கப்புறம் வாரம் தவறாமல் போன் போட்டேன். முத்துலட்சுமி எடுத்தால் அவளிடமும் ஆரம்பிப்பேன். "மதினி, அந்த ரூமுக்குள்ள ஒரு நேரம் உக்காந்து பாருங்க, அப்பறம் தெரியும்" என்பாள். "மரத்தடியில காத்தாவது வருது." சொல்வதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது.

6

நானே ஒரு நடை போய்விட்டு வரலாம் என்றுகூடப் பார்த்தேன். மாரியை நேரில் காதைப் பிடித்துத் திருகினால்தான் கேட்பான். ஆனால் வசிப்பிட அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். குடியேற்ற அலுவலகத்தில் காலையிலிருந்து வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் உரக்க, "சென்யோரா கருப்பசாமி!" என்று கூப்பிட்டாள். பாஸ்போர்ட்டில் என் பெயரோடு ஒட்டியிருக்கிற என் அப்பா பெயர் அது. அவர் செத்து வருடங்களாகிறது. இந்த நாட்டில் தினம் ஓர் அலுவலகத்தில் அவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் பெயரைக் கேட்டதும், எழுந்து வந்துவிடுவாரோ என்று பார்ப்பேன்.

புதிய அட்டை வருகிற வரை நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாதாம். போனால் திரும்பி வருவது அவரவர் பொறுப்பு என்றாள். எப்போது வரும் என்றேன். தோளைக் குலுக்கினாள். இந்த ஊரில் தோளைக் குலுக்கிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

அந்த வாரமே புத்தகத்தை முடித்துக் கொடுத்தேன். டோனா லூர்தெசோடு மல்லுக்கட்டி சிம்பத்தியாவையே வைத்தேன். அவர் விட்டுக்கொடுத்து, கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள இடம் காலி இடம் அல்ல, அதுதான் சுவர், அதில் எதையும் வைக்காதீர்கள். சிவப்பு மையில் அவரே எழுதிய வரி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மலை மேல் பெட்டியைத் தூக்கி எறிகிற ஒருவருக்கு இந்த வரி தேவையே இல்லை. தேவைப்படுகிறவன் என் தம்பி. அவனுக்காக ஒரு வரிகூட நான் பெயர்க்கவில்லை, கத்த மட்டும்தான் செய்தேன்.

அன்றைக்குப் போனில் அந்த வரியைத் தமிழில் சொன்னேன். அதோடு நான் விடவில்லை.

"ஏலே, நல்லாக் கேட்டுக்கோ. தீவாளிக்குள்ள அந்த எடம் காலியாகணும். இல்லன்னா எனக்குத் தம்பியே கெடையாதுன்னு நெனச்சுக்கிடுதேன். ஒம் மொகத்துலயே முழிக்க மாட்டேன்."

"என்னக்கா இப்படியெல்லாம் பேசுத?"

"பேசத்தான் செய்வேன். முத்து அங்கன உக்காரக் கூடாது. ஒண்ணும் அங்கன இருக்கக் கூடாது. புல்லு தெரியணும்லே, புல்லு."

அவன் பெருமூச்சு விட்டான். "சரி, விடு. மொதலாளிகிட்டப் பேசிப் பாக்கேன். அழுவாத."

அழுவதாக எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

7

தீபாவளிக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும்போது ஒரு மத்தியானம் போன் போட்டேன். ஊரில் அப்போது விளக்கு வைக்கிற நேரம். இங்கே ஜன்னலில் மழை. கயல் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளிடம் போனைக் கொடுத்து, அத்தையிடம் பேசு என்றேன். "அத்தே, நான் நல்லா இருக்கீங்க" என்றாள். முத்துலட்சுமி சிரித்தது எனக்கே கேட்டது. கயல் முகம் சிவந்து போனை என்னிடம் தள்ளிவிட்டாள்.

"மதினி, ஒங்ககிட்டச் சொல்லணும்னே இருந்தேன். காலி பண்ணியாச்சு!"

"என்னத்தா சொல்லுத? நெசமாவா?"

"நெசமாத்தான். நீங்க அழுதீகளாம்ல, ஒங்க தம்பி ஒத்தக் கால்ல நின்னுட்டாக. மொதலாளி மொதல்ல மொனங்குனாரு, பெறவு சரின்னுட்டாரு. மரத்தடிய தூத்துப் பெருக்கியாச்சு. நாங்களும் ரூமுக்குள்ளதான் உக்காருதோம். புழுக்கந்தான், என்ன செய்ய? இப்பப் பாத்தா புல்லு மொளைக்கு மதினி, அங்கன."

சோபாவில் அப்படியே சாய்ந்துவிட்டேன். கயல் என்னைப் பார்த்து, என்ன என்று கண்ணால் கேட்டாள். நல்ல செய்தி என்று தலையாட்டினேன். எத்தனை வாரத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் எனக்குப் பசி எடுத்தது. இந்தத் தீபாவளிக்குப் பலகாரம் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். ரவாலட்டு, கயலுக்குப் பிடிக்கும். அந்த நினைப்பிலேயே, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"நல்லாருப்பத்தா. குடோன்ல எடம் கெடச்சிருச்சாக்கும்?"

"குடோன்ல ஏது எடம்? எல்லாம் நம்ம வீட்டுலதான்."

"எங்கன?"

"உள்ரூம்லதான் மதினி. சுவத்துக்குச் சுவர் அடுக்கியாச்சு. ஒரு சொட்டு நனையாது. புள்ளைகளுக்குத்தான் படுக்க எடமில்லன்னு நெனச்சேன். பெட்டி மேலயே பாய விரிச்சிட்டேன். மெத்த மாதிரி இருக்காம், எறங்க மாட்டேங்குதுக."

போனுக்குள் குக்கர் விசில் அடித்தது. மிகப் பக்கத்தில். அடுப்புக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் நடுவில் அந்தப் பழைய சேலைத் திரை மட்டும்தான்.

"முத்து, நான் சொல்லுதத..."

"இருங்க மதினி, அடுப்ப அமத்திட்டு வாரேன்."

போனை எதன்மேலோ வைத்தாள். அட்டைப்பெட்டியில் வைத்தது மாதிரி ஒரு சத்தம். நான் முத்து, முத்து என்று கத்தினேன். கயல் பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். அந்தப் பக்கம் பிள்ளைகள் எதற்கோ குதித்துக் குதித்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு விசில்.